எதிர்வீட்டு ஆ மா கூப்பிட்டிருக்கிறார், மகளுக்கு எதைச் சொல்லிக் கூட்டிப்போவது?

செங்காங் அம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் சிங்கப்பூருக்கு வந்து எட்டு மாதம் ஆகப்போகிறது. மகள் 2020 ஜூலையில் பிறந்தவள், பாலர் பள்ளியில் கே2 (இரண்டாம் ஆண்டு) படிக்கிறாள். எங்கள் வீவக (அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு) மாடியில் எதிர்வீட்டில் ஒரு சீனக் குடும்பம் இருக்கிறது. அந்த வீட்டுப் பேத்தியும் இவளும் ஒரே வகுப்பு. காலையில் இரண்டு பேரையும் பள்ளிக்குக் கூட்டிப்போவது பெரும்பாலும் அந்தப் பிள்ளையின் பாட்டிதான்.

வந்த முதல் வாரமே மகள் ஓடிவந்து, "அம்மா, அவளும் தமிழ்ல 'அம்மா'ன்னுதான் கூப்பிடுறா" என்றாள். நானும் வாசலில் நின்று கேட்டேன். அந்தப் பிள்ளை "ஆ மா, ஆ மா" என்று பாட்டியைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஹொக்கியன் பேச்சில் ஆ மா என்றால் அப்பாவின் அம்மா என்று அப்புறம்தான் தெரிந்தது. இப்போது எங்கள் வீட்டிலும் அவருக்கு அதுதான் பெயர்.

பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தோம். தூக்குவாளியைத் திருப்பிக் கொடுக்கும்போது ஆ மா அதை வெறுமையாகத் தரவில்லை. உள்ளே ஆறு ஆரஞ்சு வைத்துத் தந்தார். அப்படியே விரலால் நாட்காட்டியைக் காட்டி, பிப்ரவரி 17 சீனப் புத்தாண்டு, மறுநாள் 18ஆம் தேதி வீட்டுக்கு வாருங்கள் என்று கூப்பிட்டார். அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும், எனக்கு மாண்டரின் சுத்தமாக வராது. ஆனாலும் அவர் கூப்பிட்ட விதத்தில் இருந்த பிரியம் நன்றாகவே புரிந்தது.

என் கேள்வி இதுதான். இணையத்தில் தேடினால் டிராகனுக்கு வண்ணம் தீட்டு, காகித விளக்குச் செய் என்று நூறு பக்கம் வருகிறது. அதையெல்லாம் செய்தோம். ஆனால் அதற்கும் ஆ மாவுக்கும் என்ன சம்பந்தம் என்று பிள்ளைக்குப் புரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. போவதற்கு முன் அவளுக்கு எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்? எதைச் செய்தால் மரியாதை, எதைச் செய்தால் அவர்கள் மனம் சங்கடப்படும்? நாங்கள் சைவம், அதை எப்படிச் சொல்வது? பட்டுப்பாவாடை போட்டுப் போகலாமா, அவர்கள் பாணியில் உடை வாங்க வேண்டுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பாலர் டீச்சர் எழுதியது:

வணக்கம்மா. 24 வருடம் இங்கே பாலர் பள்ளியில் வேலை பார்த்துவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறேன். உங்கள் பதிவைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் அந்த 18ஆம் தேதியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். புத்தாண்டின் இரண்டாம் நாள் என்பது, கல்யாணமாகிப் போன பெண்கள் கணவன், பிள்ளைகளோடு பிறந்த வீட்டுக்கு வரும் நாள். ஆ மாவுக்கு மகள் இருந்தால் அன்றைக்குத்தான் வருவார். அந்த நாளில் உங்களைக் கூப்பிட்டிருக்கிறார். இதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். "நாம தீபாவளிக்குப் பாட்டி வீட்டுக்குப் போவோம்ல, அந்த மாதிரி ஆ மாவோட பொண்ணு வர்ற நாள்ல நம்மளையும் கூப்பிட்டிருக்காங்க" என்றால் ஐந்து வயதுக்கு நன்றாகவே புரியும்.

உடை, சாப்பாடு எல்லாம் பிறகு. "சீனக் கலாசாரம்" என்ற பெரிய மூட்டையை முதலில் தலையிலிருந்து இறக்கிவையுங்கள். பிள்ளைக்கு நீங்கள் சீனாவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவளுக்கு ஆ மாவை ஏற்கெனவே தெரியும். ஆ மா என்ன செய்கிறார், ஏன் செய்கிறார் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாலே போதும்.

இதை நான் ஒரு பிள்ளையிடம்தான் கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், வகுப்பில் ஒரு மூலையைச் சீன மூலை என்று அலங்காரம் செய்தேன். விசிறி, கூம்புத் தொப்பி, காகித டிராகன் என்று இரண்டு நாள் உட்கார்ந்து வெட்டி ஒட்டினேன். நாலு வயதுச் சீனப் பிள்ளை ஒன்று அந்தத் தொப்பியைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தது. "டீச்சர், எங்க வீட்டுல யாரும் இதைப் போட மாட்டாங்களே" என்றது. அன்றைக்குச் சாயங்காலமே எல்லாவற்றையும் கழற்றினேன். மறுநாள் அந்தப் பிள்ளையின் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஒரு பெரிய சமையல் கத்தி, தாத்தாவின் பறவைக் கூண்டு, வாசலில் சிவப்புத் தாள் என்று அடுக்கிக்கொண்டே போனது. அதுதான் நாங்கள் எல்லோரும் கேட்க வேண்டிய பாடம்.

அதனால் "சீனர்கள் இப்படிச் செய்வார்கள்" என்று சொல்லாதீர்கள், "ஆ மா வீட்டில் இப்படிச் செய்வார்கள்" என்று சொல்லுங்கள். ஹொக்கியன், டியோச்சூ, கேன்டனீஸ், ஹக்கா, ஹைனனீஸ் என்று இங்கேயே எத்தனை பிரிவுகள். பேச்சு வேறு, பலகாரம் வேறு. ஊதுபத்தி ஏற்றாத சீனக் கிறிஸ்தவக் குடும்பங்கள் உண்டு. நம்மில் ஒரு வீட்டு வழக்கம் அடுத்த வீட்டில் இல்லையே, அது போலத்தான்.

அடுத்தது உறவுப் பெயர்கள். இது தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கிடைத்த பெரிய வசதி. ஆங்கிலத்தில் அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே சொல்தான். மாண்டரினில் நம்மைப் போலவே தனித்தனி: ஜியே ஜியே அக்கா, மேய் மேய் தங்கை, தி தி தம்பி. அண்ணனை இங்கே கோர் கோர் என்பார்கள். அத்தைக்கு ஒரு பெயர், சித்திக்கு வேறு பெயர். "அப்பா பக்கமா, அம்மா பக்கமா" என்று அவர்களும் கேட்பார்கள். பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். உள்ளே நுழைந்ததும் வயதில் மூத்தவரில் தொடங்கி ஒவ்வொருவரையும் முறை சொல்லிக் கூப்பிட வேண்டும், அதன் பிறகுதான் மற்றதெல்லாம். உங்கள் மகள் ஆ மாவைப் பார்த்து "ஆ மா" என்று வாய் நிறையக் கூப்பிட்டாலே பாதி மரியாதை செய்த மாதிரி.

இப்போது கையால் பழக வேண்டியது. இரண்டு மாண்டரின் ஆரஞ்சு வாங்கி வீட்டிலேயே பழக்குங்கள். எப்போதும் ஜோடியாகத்தான் கொடுக்க வேண்டும், ஒற்றையாகக் கூடாது. இரண்டு கையாலும் பிடித்து நீட்ட வேண்டும். கேன்டனீஸில் அந்தப் பழத்தின் பெயரும் தங்கத்தின் பெயரும் "கம்" என்றே காதில் விழும், அதனால்தான் அது மங்கலப் பொருள். நீங்கள் கிளம்பும்போது அவர்களும் இரண்டு பழம் திருப்பிக் கொடுப்பார்கள். உங்கள் தூக்குவாளி ஆரஞ்சோடு திரும்பி வந்ததே, அந்த மனசுதான் இது. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்று நம் பாட்டிகளும் சொல்வார்கள் இல்லையா?

வாழ்த்து ஒன்று போதும். "கோங் ஷீ ஃபா சாய்" எல்லோருக்கும் தெரியும், செல்வம் பெருகட்டும் என்று பொருள். ஆனால் வயதானவரிடம் பிள்ளை "ஷென் தி ஜியென் காங்" என்று சொன்னால் அவருக்கு நெஞ்சு நிறைந்துவிடும். உடம்பு நலமாக இருக்கட்டும் என்று அர்த்தம். பள்ளியில் சீன ஆசிரியையிடம் கேட்டு உச்சரிப்பைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

அங் பாவ் வரும். தீபாவளிக்கு இங்கே ஊதா உறை பார்த்திருப்பாள், அதே போலப் பணம் வைத்த சிவப்பு உறை. இரண்டு கையால் வாங்க வேண்டும், கொடுத்தவர் முன்னால் பிரிக்கக் கூடாது. இதை நாலைந்து முறை நடித்தே காட்டிவிடுங்கள், வெறுமனே சொன்னால் அந்த நேரத்தில் மறந்துபோகும். நீங்களும் அந்தப் பேத்திக்கு ஒன்று கொடுக்கலாம். 6, 8, 10 வெள்ளி (டாலர்) என்று இரட்டைப்படையில் வையுங்கள், 4 மட்டும் வேண்டாம். அந்த எண்ணின் ஒலி சாவு என்ற சொல்லுக்கு நெருக்கமாக இருக்கும். நாம் மொய்யில் ஒரு ரூபாய் சேர்த்து 101 ஆக்குகிறோம், அவர்கள் ஜோடி சேர்க்கிறார்கள்.

உடைக்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டாம். சிவப்புப் பட்டுப்பாவாடை இருந்தால் அதைவிட நல்ல உடை கிடையாது. கறுப்பும் முழு வெள்ளையும் தவிர்த்தால் சரி. விருந்தாளி தன் ஊர் நல்ல உடையில் வந்தால் அவர்களுக்கும் மகிழ்ச்சிதான்.

சைவம் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். ஹொக்கியனில் "சியா சாய்" என்றால் சைவம் சாப்பிடுகிறோம் என்று அர்த்தம். ஆ மா வயதில் உள்ளவர்களுக்கு இது ரொம்பப் பழகிய சொல். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் மரக்கறி மட்டும் சாப்பிடுகிற சீனப் பாட்டிகள் நிறைய உண்டு. குவான் யின் அம்மனைக் கும்பிடுகிற பலர் மாட்டிறைச்சி தொட மாட்டார்கள். இரண்டு நாள் முன்னதாகவே சொல்லிவிடுங்கள், கடைசி நேரத்தில் சொன்னால்தான் வருத்தப்படுவார். ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: எல்லோரும் சுற்றி நின்று சாப்ஸ்டிக்கால் உயரத் தூக்கிக் கலக்குகிற "லோ ஹே" தட்டில் வேகவைக்காத மீன் இருக்கும். மீன் சேர்ப்பதற்கு முன் உங்களுக்குத் தனியாகக் கொஞ்சம் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். காரட், முள்ளங்கி, பிளம் சாறு, மொறுமொறுப்புப் பொரி எல்லாம் நமக்குச் சரிப்படும். கலக்குகிற நேரத்தில் பிள்ளையைக் கட்டாயம் சேர்த்துவிடுங்கள். எவ்வளவு உயரம் தூக்குகிறோமோ அவ்வளவு நல்லது என்பது நம்பிக்கை. மேசையெல்லாம் சிந்தினாலும் யாரும் திட்டாத ஒரே சாப்பாடு அதுதான். சாப்ஸ்டிக்கைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்த மட்டும் விடாதீர்கள். இறந்தவருக்கு ஊதுபத்தி வைப்பது போல இருக்கும்.

கதை கேட்டால் இந்த ஒன்றைச் சொல்லுங்கள். 2020 ஜூலையில் பிறந்தவள் என்றால் அவள் எலி ஆண்டுக்காரி. வானுலகப் பேரரசர் விலங்குகளுக்கு ஓட்டப்பந்தயம் வைத்தார். எலி காளையின் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது, ஆற்றைக் கடந்து எல்லைக்கோடு வந்ததும் குதித்து முதலாவதாகப் போய் நின்றது. பன்னிரண்டு ஆண்டுச் சுற்றில் முதல் இடம் எலிக்கு, இரண்டாவது காளைக்கு, இப்போது பிறக்கப்போவது ஏழாவதான குதிரைக்கு. நம் வீட்டில் எலி யார்? பிள்ளையாரின் வாகனம். அந்தப் பிள்ளையாரும் உலகத்தைச் சுற்றும் போட்டியில் அம்மா அப்பாவைச் சுற்றிவிட்டு மாம்பழத்தை வாங்கினவர். இரண்டு கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லிப் பாருங்கள். எது சரி, எது ஏமாற்று என்று பிள்ளைகள் அரை மணி நேரம் வாதாடுவார்கள். என் வகுப்பில் ஒரு பையன், காளைக்கு மாம்பழத்தில் பாதி கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பே சொன்னான்.

கடைசியாக, கொஞ்சம் கடினமான விஷயம். வீட்டில் பெரியவர்கள் பேசுவதைப் பிள்ளை கேட்டுக்கொண்டே இருக்கிறது. "சப்பை மூக்கு", "சீனன்", "அவங்க எதை வேணாலும் தின்பாங்க" என்று நம் ஆட்கள் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். ஒரு பள்ளியில் நம் பிள்ளை ஒன்று கண்ணோரத்தை விரலால் இழுத்துக் காட்ட, எதிரில் இருந்த சீனப் பிள்ளை அழுதுகொண்டே என் மடியில் வந்து ஏறியது. அதை எங்கே பார்த்தாய் என்று கேட்டால், வீட்டுக்கு வந்த மாமா செய்தாராம். எத்தனை விளக்குச் செய்தாலும் இந்த ஒரு செய்கை எல்லாவற்றையும் அழித்துவிடும். நம் பிள்ளையின் நிறத்தைப் பற்றி யாராவது பேசினால் நமக்கு எப்படி இருக்கும்? தயவுசெய்து வீட்டுக்கு வரும் விருந்தாளிகளிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.

பினாங்கு மகன் எழுதியது:

டீச்சர் சொன்னதற்கு மேல் பெரிதாக ஒன்றுமில்லை. நான் ஜார்ஜ்டவுனில் ஹொக்கியன் குடும்பங்களுக்கு நடுவில் வளர்ந்தவன். எனக்கு அக்கம்பக்கத்து வீடுகள்தான் பாடப்புத்தகம்.

புத்தாண்டின் எட்டாம் நாள் இரவு ஒன்பதாம் நாளாக மாறுகிற நேரத்தில் எங்கள் தெருவே விழித்திருக்கும். வாசலில் மேசை போட்டு, அதன் இரண்டு பக்கமும் தோகையோடு முழுக் கரும்பைக் கட்டி நிறுத்துவார்கள். ஐந்தாறு வயதில் முதன்முதலாகப் பார்த்தபோது, இவர்களுக்கும் பொங்கல், ஆனால் தேதி தெரியாமல் தாமதமாகக் கொண்டாடுகிறார்கள் என்றே நினைத்தேன். பக்கத்து வீட்டுத் தாத்தா உட்காரவைத்துக் கதை சொன்னார். முன்னொரு காலத்தில் எதிரிப் படைக்குப் பயந்து ஹொக்கியன் மக்கள் கரும்புக் காட்டுக்குள் ஒளிந்துகொண்டார்களாம். ஒன்பதாம் நாள் உயிரோடு வெளியே வந்தபோது, அது வானுலகப் பேரரசரின் பிறந்தநாளாக இருந்ததாம். காப்பாற்றியதற்கு நன்றியாகத்தான் கரும்பு. சொல்லி முடித்து, பூசைக்கு வைக்காத ஒரு கரும்பை முழங்காலில் வைத்து ஒடித்து எனக்குப் பாதி கொடுத்தார்.

அக்கா, உங்கள் ஆ மாவும் ஹொக்கியன்தான் என்கிறீர்கள். இரண்டாம் நாள் போய் வந்ததோடு முடித்துவிடாதீர்கள். புத்தாண்டு பதினைந்து நாள். எட்டாம் நாள் இரவு கரும்பு வைப்பாரா என்று கேளுங்கள், வைப்பார் என்றால் பிள்ளையைக் கொஞ்ச நேரம் விழித்திருக்க விடுங்கள். பதினைந்தாம் நாள் சாப் கோ மே. பினாங்கில் அன்றைக்குக் கல்யாணமாகாத பெண்கள் நல்ல கணவன் வேண்டி ஆரஞ்சைக் கடலில் எறிவார்கள். எங்கள் அக்காவும் ஒரு வருடம் தோழிகளோடு போய் எறிந்தாள். எங்கள் தைப்பூசத்தில் சீனர்கள் தேர் முன்னால் தேங்காய் உடைப்பார்கள், காவடியும் எடுப்பார்கள். சின்ன வயதில் எங்களுக்கு இதில் எதுவுமே வேறு வீட்டு விஷயமாகப் படவில்லை.

ஈசூன் அப்பா எழுதியது:

கொஞ்சம் பெரிய பிள்ளைகள் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். என் மகனுக்குப் பதினொரு வயது. கதையெல்லாம் எடுபடாது, "நிஜமா நடந்ததா?" என்று கேட்பான். அவனைத் தெலுக் ஆயர் தெருவுக்குக் கூட்டிப்போனேன். அந்தத் தெரு ஒரு காலத்தில் கடற்கரையாகவே இருந்தது. 1828 முதல் 1830 வரை கட்டிய நாகூர் தர்கா அங்கே இருக்கிறது. கொஞ்சம் தள்ளி, 1839 முதல் 1842 வரை கட்டிய தியன் ஹோக் கெங் கோயில், கடல் தெய்வம் மாசுவுக்கு. தமிழ் முஸ்லிம்களும் ஹொக்கியன்களும் கப்பலில் வந்து இறங்கி, உயிரோடு கரை சேர்த்ததற்கு ஒரே கரையில் நன்றி சொல்லியிருக்கிறார்கள். கோயில் வாசலில் உயரமான படி இருந்தது. மிதிக்காமல் தாண்டி வா என்று ஒரு பெரியவர் சைகை காட்டினார். "ஆச்சி சொல்ற மாதிரியே சொல்றாரு" என்றான் மகன்.

அங்கிருந்து சைனாடவுனுக்கு நடந்தோம். பகோடா தெருவுக்கு அந்தப் பெயர் வந்ததே நம் மாரியம்மன் கோயில் கோபுரத்தால்தான் என்று சொன்னதும் அவனுக்கு ஒரே பெருமை.

அவனை உண்மையில் உட்காரவைத்தது இலங்கைக் காலி கல்வெட்டு. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ கொண்டுவந்த கல், 1409 என்ற ஆண்டு பொறித்தது. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பகுதியில் புத்தருக்குக் காணிக்கை, தமிழில் தெனாவரை நாயனார் என்ற விஷ்ணுவுக்கு, பாரசீகத்தில் அல்லாவுக்கு. இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. "சீனாக்காரங்க தமிழ்ல எழுதினாங்களா?" என்று மூன்று முறை கேட்டான். அடுத்த வாரம் மாண்டரின் படிக்கிற நண்பனை வீட்டுக்குக் கூட்டிவந்து, இருவரும் ஒரே தாளில் இரண்டு எழுத்திலும் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

செங்காங் அம்மா எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கண் இழுக்கிற விஷயத்தை அன்றைக்கு இரவே வீட்டில் எல்லோரிடமும் பேசினேன், டீச்சர். பேச வேண்டியதாகத்தான் இருந்தது.

இன்னொரு சந்தேகம். போன ஆகஸ்ட் கடைசியில் கீழே பெரிய இரும்புத் தொட்டியில் ஆ மா காகிதம் எரித்துக்கொண்டிருந்தார். புல்தரையில் சோறு, ஆரஞ்சு, ஊதுபத்தி வைத்திருந்தது. பயந்துபோய்ப் பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது அவள், "ஆ மா யாருக்குக் காகிதம் எரிச்சாங்க?" என்று கேட்கிறாள். சாவு, ஆவி என்று இந்த வயதில் பேசலாமா?

பாலர் டீச்சர் எழுதியது:

பேசலாம்மா. பேசாமல் இழுத்துக்கொண்டு வந்தால்தான் பயம் தங்கிவிடும்.

அது அவர்களுடைய சந்திர நாட்காட்டியில் ஏழாம் மாதம். இறந்துபோனவர்கள் அந்த மாதம் பசியோடு வந்துபோவதாக நம்பிக்கை. சொந்த முன்னோருக்கும் படைப்பார்கள், சோறு வைக்க யாருமே இல்லாத ஆவிகளுக்கும் படைப்பார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த இரண்டாவதுதான். யாரென்றே தெரியாதவருக்கும் ஒரு கிண்ணம் சோறு. காகிதம் என்பது அந்த உலகத்தில் செலவழிக்கிற பணம். "நாம அமாவாசைக்குத் தாத்தாவை நெனச்சுக் காக்காவுக்குச் சோறு வைக்கிறோம்ல, ஆ மா நெருப்பு வழியா அனுப்புறாங்க" என்று சொல்லுங்கள். ஐந்து வயதுக்கு இது போதும். கீழே வைத்திருக்கிற படையலை மிதிக்கக் கூடாது, தாண்டக் கூடாது, சுற்றிக்கொண்டு போக வேண்டும், இதை மட்டும் கண்டிப்பாகப் பழக்குங்கள். அந்த மாதம் சில இடங்களில் கெத்தாய் மேடை போட்டுப் பாட்டு நடக்கும். முதல் வரிசை நாற்காலி எல்லாம் காலியாக இருக்கும், அது அந்த ஆவிகளுக்கு. பிள்ளை ஓடிப்போய் உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் சிங்மிங் வரும், குடும்பமாகப் போய்க் கல்லறையைத் துடைத்துப் பெருக்கிவிட்டு வருவார்கள். ஆ மா வீட்டுக்குப் போகும்போது சுவரில் தாத்தா படம் இருந்தால் அது யார் என்று பிள்ளையே கேட்கட்டும், தடுக்க வேண்டாம். அப்படிக் கேட்கப்படுவதை விரும்பாத பாட்டியை நான் இதுவரை பார்த்ததில்லை.

புத்தாண்டு முடிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். நிலாப் பண்டிகை ஒன்று வரும், அவர்களுடைய எட்டாம் மாதப் பௌர்ணமியில். நம் பிள்ளைகளுக்கு நிலாவில் பாட்டி வடை சுடுகிறாள். அவர்கள் பிள்ளைகளுக்கு அங்கே சாங் அ என்ற பெண்ணும், உரலில் மருந்து இடிக்கிற முயலும் இருக்கிறார்கள். நாமும் நிலாவைச் சசாங்கன் என்கிறோம், முயல் அடையாளம் உடையவன் என்று அர்த்தம். 2013இல் சீனா நிலாவில் இறக்கிய ஊர்திக்கு வைத்த பெயரே "ஜேட் முயல்"தான். இரண்டு பிள்ளைகளையும் மாடியில் நிற்கவைத்து, பாட்டி தெரிகிறாளா முயல் தெரிகிறதா என்று கேளுங்கள்.

டிசம்பரில் துங் ஜி என்ற பண்டிகை வரும்போது ஆ மா தாங் யுவான் உருட்டுவார். ஒட்டும் அரிசி மாவை வெந்நீரில் பிசைந்து, கிள்ளி, உள்ளங்கையில் உருட்டி, கொதிக்கிற தண்ணீரில் போடுவார்கள். மேலே மிதந்து வந்தால் வெந்துவிட்டது. இஞ்சிப் பாகில் போட்டுச் சாப்பிட வேண்டும், அதைச் சாப்பிட்டால் ஒரு வயது கூடும் என்பார்கள். எங்கள் பள்ளியில் செய்தபோது, கை முழுக்க மாவோடு ஒரு தமிழ்ப் பையன் நிமிர்ந்து, "டீச்சர், இது பால் கொழுக்கட்டை!" என்றான். பக்கத்தில் நின்ற டியோச்சூ ஆசிரியை அதற்கு அர்த்தம் கேட்டு, மறு வாரம் என்னைத் தேங்காய்ப்பால் காய்ச்சவைத்து அதையும் செய்யக் கற்றுக்கொண்டார். உருட்டுகிற அன்றைக்குப் பிள்ளையை அனுப்பிவையுங்கள்.

செங்காங் அம்மா எழுதியது:

போய் வந்தோம்! பிப்ரவரி 18 இரவு, பிள்ளை தூங்கியபின் எழுதுகிறேன்.

சிவப்புப் பட்டுப்பாவாடைதான். லிஃப்ட் பக்கத்தில் இருந்த அண்டை வீட்டார் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். வாசலில் "ஃபூ" எழுத்துத் தாள் தலைகீழாக ஒட்டியிருந்தது. தப்பாக ஒட்டிவிட்டார்கள் என்று மகள் திருத்தப் போனாள். ஆ மாவின் மகள் சிரித்துக்கொண்டே விளக்கினார்: தலைகீழ் என்ற சொல்லும் வந்துவிட்டது என்ற சொல்லும் மாண்டரினில் "தாவ்" என்றே கேட்குமாம், நல்வாழ்வு வந்துவிட்டது என்று அர்த்தமாம்.

ஆரஞ்சை இரண்டு கையாலும் நீட்டி "ஆ மா, ஷென் தி ஜியென் காங்" என்றாள். பாதியில் திக்கியது, ஆனாலும் முடித்தாள். ஆ மா ஒன்றும் சொல்லாமல் அவள் கன்னத்தை இரண்டு உள்ளங்கையாலும் பிடித்துக்கொண்டார். அப்புறம் தன் மகளைக் கூப்பிட்டு, இவளை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

எங்களுக்கென்று தனிச் சட்டியில் டோஃபுவும் காளானும் வைத்திருந்தார். "சியா சாய்" என்ற சொல்லைச் சொன்ன அன்றிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதைச் சொல்லிக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார். லோ ஹே கலக்கியபோது காரட் துருவல் என் தலையில் விழுந்தது, மகள் குதித்துக் குதித்து "ஹுவாட் ஆ!" என்று கத்தினாள்.

சுவரில் தாத்தா படம் இருந்தது. முன்னால் சின்னச் சிவப்பு விளக்கு, ஆரஞ்சு. மகள் கேட்டேவிட்டாள். "ஆ கோங்" என்றார் ஆ மா. தன் மகளின் மொழிபெயர்ப்பில் மீதியைச் சொன்னார். தாத்தா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். கூட வேலை பார்த்த தமிழர்களிடம் எண்கள் கற்றுக்கொண்டு வீட்டில் சொல்லிக்காட்டுவாராம். ஆ மா விரலை மடக்கி "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணினார், ஐந்தோடு நின்றுவிட்டது. என் மகள் ஆறிலிருந்து பத்து வரை எடுத்துக் கொடுத்தாள்.

கிளம்பும்போது இரண்டு ஆரஞ்சு திரும்பக் கையில் வந்தது. வீட்டுக்கு வந்ததும் ஒன்றை அப்பாவிடம் கொடுத்தாள். இன்னொன்றைப் பூசை அலமாரியில் பிள்ளையார் படத்துக்குக் கீழே, ஓரமாக வைத்தாள். பிள்ளையாருக்கா என்று கேட்டேன். இல்லையாம், எலிக்காம்.